நாலு பட்டரியும் 323 கொள்கலனும்

வயல் காவலுக்குப் போகிறவன் கையில் இரண்டு சாமான் இருக்க வேண்டும். ஒன்று யானை வெடி. மற்றது டோர்ச். வெடி கிடைப்பது வனசீவராசிகள் அலுவலகத்தைப் பொறுத்தது. டோர்ச் நம் பாடு.

போன மாசியில், கதிர் முற்றி நின்ற நேரம், வெருகலில் ஒரு கடையில் நாலு பட்டரி வாங்கினேன். ஊருக்கே தெரிந்த ஜப்பான் கம்பனியின் பெயர். முதல் எழுத்து சரி. கடைசி எழுத்து சரி. நடுவில் ஓர் எழுத்து மட்டும் தடுக்கி விழுந்திருந்தது. இருட்டில் அதை யார் வாசிப்பது? யானையா?

குடிலில் ஏறி இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை. வெளிச்சம் மஞ்சளாயிற்று. பிறகு சிவந்தது. பிறகு சுருட்டு நுனி மாதிரி ஒரு புள்ளி. வரம்புக்கு அப்பால் கதிர் முறிகிற சத்தம் கேட்டது. டோர்ச்சைத் தொடையில் தட்டினேன். பட்டரியைக் கழற்றி, இடம் மாற்றிப் போட்டேன். நம் நாட்டில் அமைச்சரவைக்கும் இதே வைத்தியம்தான். எரியாவிட்டால் இடம் மாற்றிப் போடுவார்கள். இரண்டும் எரிந்ததில்லை.

யானை ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது. விடிந்ததும் வரம்பில் நின்று பார்த்தேன். அரை ஏக்கர்.

நேரே கடைக்குப் போனேன்.

"அண்ணன், ஒரிஜினல் எண்டுதானே தந்தீங்க?"

"ஒரிஜினல்தான் தம்பி. எந்த ஒரிஜினல் எண்டு நீங்க கேக்கல்லயே. சைனா ஒரிஜினல் இருக்கு. டுபாய் ஒரிஜினல் இருக்கு. கம்பனி ஒரிஜினல் வேணுமெண்டா ரவுணுக்குப் போகணும்."

அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் வாங்குவது வேனில் வருகிறவனிடம். வேன்காரன் வாங்குவது மட்டக்களப்பில். மட்டக்களப்புக்காரன் கொழும்பு புறக்கோட்டையில். புறக்கோட்டைக்காரனுக்கு வருவது கொள்கலனில். எல்லாரும் ஒரே பெட்டியைக் கைமாற்றுகிறார்கள். கடைசியில் இருட்டில் நிற்பவன் மட்டும் நான்.

இத்தனைக்கும் நாங்கள் துறைமுக மாவட்டத்துக்காரர். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலை என்று ஐந்தாம் வகுப்பில் பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்கியிருக்கிறோம். அங்கே இறங்குவது கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர், எண்ணெய். பட்டரி இறங்குவது கொழும்பில். துறைமுகம் எங்கள் வாசலில். சாமான் தீவைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

சட்டம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. இருக்கிறது. அலுமாரி கொள்ளாத அளவுக்கு இருக்கிறது. சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம். விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு. புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம். அதே ஆண்டில் மகாராணி காலத்துச் சட்டத்துக்கும் ஓர் ஒட்டுப் போட்டு, போலி வியாபாரக் குறி போட்ட பொருளையும் திருட்டுப் பிரதியையும் எல்லையிலேயே மறிக்க வழி எழுதிவைத்தார்கள். 2003இல் வந்த இரண்டுக்கும் தாய்ப் பத்திரம் உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கை. 1995 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் 51 முதல் 60 வரை பத்து உறுப்புரைகள் சுங்கம் எல்லையில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டுமே பேசுகின்றன.

வாசித்தேன். வயலை யானைக்குக் கொடுத்தவனுக்கு வாசிக்க நேரம் இருக்கும்.

போலிச் சரக்கு வருகிறது என்று முறையிட, முறையிடுகிறவர் குறிக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். எழுத்தில் தர வேண்டும். தன் உரிமை மீறப்பட்டதென்று பார்த்தவுடன் நம்பக்கூடிய சான்று காட்ட வேண்டும். சரக்கு எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டும். பிணைப்பணம் கேட்டால் கட்ட வேண்டும். அதன் பிறகு சுங்கம் சரக்கை மறிக்கும். பத்து வேலை நாளுக்குள் வழக்குத் தொடங்காவிட்டால் சரக்கு வெளியே வரும். தேவையென்றால் இன்னும் பத்து நாள் கூட்டித் தருவார்கள். உரிமையாளர் கேட்காமலே அதிகாரி தானாக மறிக்கலாமா? மறிக்கலாம், நாடு விரும்பினால். விரும்பினால் என்ற சொல்லை எந்த நாட்டுக்காக எழுதினார்களோ தெரியாது. எங்கள் நாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

இத்தனை உறுப்புரையிலும் பட்டரி வாங்கினவன் எங்கே? தேடினேன். இல்லை. சட்டத்தின் கண்ணுக்குக் காயம் பட்டது ஒரு பெயருக்கு. பெயர் இருப்பது ஒசாக்காவில். ஒசாக்காக்காரனுக்கு வெருகல் என்றால் ஊரா, பூனையா என்று தெரியாது. அவன் பதினைந்து கடதாசியோடு கொழும்புக்கு வந்து, பிணை கட்டி, வக்கீல் பிடித்து, என் வயலைக் காப்பாற்ற வேண்டும். வருவான். யானைகள் காத்திருக்கும்.

அகப்பட்டால் தண்டனை பயங்கரம். போலிக் குறி போட்ட பொருளை விற்றால் சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். ஒரு கொள்கலன் நிறையப் பட்டரி கொண்டுவருகிறவனுக்கு 5 லட்சம் என்பது தண்டமா, பார்க்கிங் கட்டணமா?

திணைக்களத்தின் நிலையையும் யோசிக்க வேண்டும், பாவம். 2024இல் சுங்கம் அரசுக்குச் சேர்த்துக் கொடுத்தது ஒன்றரை ட்ரில்லியன் ரூபாய்க்கு மேல். நாட்டின் அடுப்பு எரிவதே அந்தப் பணத்தில். போலிப் பட்டரிக்கும் தீர்வை உண்டு. தீர்வை கட்டிவிட்டால் அது நல்ல பட்டரி. எரிகிறதா என்பது சுங்கத்தின் கேள்வியல்ல. பொய்க்கணக்குக் காட்டி வரி ஏய்த்தவனைப் பிடித்தால் தண்டப்பணத்தில் அதிகாரிக்கும் ஒரு பங்கு வெகுமதியாகப் போகும். அந்த ஏற்பாட்டைக் கட்டளைச் சட்டமே செய்து வைத்திருக்கிறது. ஓர் எழுத்துத் தடுக்கி விழுந்த பட்டரியைக் குனிந்து தூக்குவதில் யாருக்கு என்ன வரும்?

கேட்டால் சொல்வார்கள்: "இத்தனை கொள்கலன் வருகிறது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்க முடியுமா?"

முடியும். நாங்கள் சாட்சி.

தொண்ணூறுகளில் வடக்குக் கிழக்கில் பொருளாதாரத் தடை என்று ஒன்று இருந்தது. இளசுகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். பட்டரி தடை. சீமெந்து தடை. இரும்பு, உரம், எரிபொருள் எல்லாவற்றிலும் கை. சவர்க்காரத்துக்குக்கூட அளவு. 2002 ஜனவரியில் தளர்த்தும் வரை இதுதான் சட்டம். ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் அன்று அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதி. உள்ளே வருகிற ஒவ்வொரு பையும் ஒரு சாவடியைத் தாண்டித்தான் வந்தது. நாட்டுக்குள்ளே ஒரு நாட்டு எல்லை. உலகத்தில் எந்தச் சுங்கமும் அப்படிச் சோதித்திருக்காது.

எங்கள் மாமா ஒருவர் அரிசிப் பைக்குள் இரண்டு பட்டரியை மறைத்துக் கொண்டுவந்தார். ரேடியோவுக்கு. செய்தி கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சாவடியில் நின்ற பொடியன் அரிசியைச் சாக்கில் கொட்டச் சொன்னான். முழங்கை வரை கையை விட்டான். மீன் பிடிக்கிறவன் மாதிரிக் கண்ணை மூடித் துழாவினான். ஒன்று வந்தது. மறுபடி விட்டான். மற்றதும் வந்தது. மாமா மத்தியானம் வரை வெயிலில் நின்றார். அரிசியை மண்ணோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இரண்டு பட்டரியும் ஒரிஜினல்.

ஸ்கேனர் இல்லை. கணினி இல்லை. வெளிநாட்டு நிதியுதவி இல்லை. ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை, மத்தியானச் சாப்பாடு, கடைசியில் குழுப் படம், ஒன்றும் இல்லை. ஒரு பொடியன், ஒரு பட்டியல், பத்து விரல். எங்களிடமிருந்து பட்டரியைக் காப்பாற்ற வேண்டுமென்று அரசு நினைத்தபோது ஒரு மூட்டை அரிசிக்குள் இருந்த இரண்டு பட்டரியும் தப்பவில்லை. பட்டரியிடமிருந்து எங்களைக் காப்பாற்ற வேண்டிய நாளில் அதே அரசுக்குக் கை வலிக்கிறது.

எவ்வளவு வலி என்று பாருங்கள். 2025 ஜனவரி, கொழும்புத் துறைமுகம். சுங்கத்தின் கணினி கொள்கலன்களுக்கு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் பத்திரத்தைப் பார். சிவப்பு என்றால் திறந்து பார். அப்படிச் சோதனைக்குக் குறி விழுந்த 323 கொள்கலன்கள் திறந்து பார்க்காமலே வெளியே போயின. காரணம்? நெரிசல். துறைமுகத்தில் இடம் இல்லையாம். வீட்டில் கூட்டம் கூடிவிட்டது, ஆகவே திருடனை முதலில் வெளியே விட்டோம் என்கிற நியாயம். பிறகு நாடாளுமன்றத்தில் சத்தம் வந்தது. சத்தத்துக்கு ஒரு குழு வந்தது. குழுவுக்கு ஓர் அறிக்கை வந்தது. போன 323 பெட்டிகள் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் உரக் கப்பலைச் சொல்லாமல் போனால் வெருகல் விவசாயி என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தார்கள். வயல் மஞ்சள் பூத்தது, நாங்களும் பூத்தோம். மாற்றாகச் சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் சேதன உரம் வந்தது. மாதிரியில் தீங்கான பக்டீரியா இருக்கிறது, இறக்க விடமாட்டோம் என்று மறித்தார்கள். சபாஷ், எல்லையில் ஒரு காவல்காரன் விழித்திருக்கிறான் என்று கை தட்டினோம். தட்டிய கை சிவக்குமுன் 2022 ஜனவரியில் அந்தக் கம்பனிக்கு 69 லட்சம் டொலர் கட்டினார்கள். இறங்காத உரத்துக்கு. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாடு அலைந்த நேரம் அது. திறக்க வேண்டிய பெட்டியைத் திறக்காமல் விட்டார்கள். மறித்த ஒரே சரக்குக்கும் காசு கொடுத்துவிட்டார்கள்.

பட்டரி போனால் அரை ஏக்கர். மருந்து போனால்?

2023இல் அரச ஆஸ்பத்திரிகளில் இமியூனோகுளோபுலின் ஊசி போட்ட நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்தது. குப்பியில் ஓர் இந்தியக் கம்பனியின் பெயர். அது எங்கள் மருந்தே இல்லை என்றது கம்பனி. இறக்குமதிக்காகக் காட்டிய பத்திரங்களும் போலி என்பது குற்றச்சாட்டு. சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எனக்குக் கவலை வேறு. பட்டரியாவது எல்லையைத் தாண்டி வந்தது. இங்கே எல்லையைத் தாண்டியதாகக் காட்டிய கடதாசியே கேள்விக்குறி. வாங்கினது புறக்கோட்டைக் கடைக்காரன் அல்ல. அரசாங்கம். எங்கள் காசில், எங்கள் நரம்புக்கு.

எல்லாத் தேசத்திலும் சுங்கம் தூங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டிய இடத்தில் கூர்மையான கண் உண்டு. என் அம்மாவின் கிளினிக் கொப்பியில் லொசாட்டான் என்று எழுதியிருக்கும். பிரஷர் குளிசை. மலிவான குளிசை, இந்தியாவில் செய்தது. மாதம் ஒருமுறை வரிசையில் நின்று கடதாசிப் பையில் வாங்கி வருகிறார். 2008 டிசம்பரில் இதே லொசாட்டானுக்கான மூலப்பொருள் 570 கிலோ இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போனது. வழியில் நெதர்லாந்தில் சரக்கு மாறியது. அந்த நாட்டுச் சுங்கம் பாய்ந்து பிடித்தது. அனுப்பிய நாட்டில் அந்த மருந்துக்குக் காப்புரிமை இல்லை. வாங்குகிற நாட்டிலும் இல்லை. இடையில் கால் வைத்த நாட்டில் இருந்தது, அது போதும். சரக்கில் கலப்படம் இல்லை. பெயரில் எழுத்துப் பிழை இல்லை. நல்ல மருந்து. பிரேசில்காரன் கைக்குப் போகாமல் இந்தியாவுக்கே திரும்பியது. 2010 மே மாதம் இந்தியாவும் பிரேசிலும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடப் போன பிறகுதான் ஐரோப்பா இறங்கி வந்தது.

உரிமையாளன் பெரியவன் என்றால் வழிப்போக்குச் சரக்குக்கும் விலங்கு. பாவிக்கிறவன் சிறியவன் என்றால் வீட்டுக்குள் வந்த போலிக்கும் வரவேற்பு.

அக்கரையில் மதுரைக் கதை ஒன்று உண்டு, இன்னும் அழகு. ஒரு போனில் இரண்டு சிம் போடுவது என் கண்டுபிடிப்பு என்று மதுரைக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கினார். இந்தியச் சுங்கத்தில் பதிந்தும் வைத்தார். 2009இல் இரண்டு சிம் போன்கள் எல்லையில் மறிபட்டன. காப்புரிமை வழக்கில் நீதிபதிகளே வருடக்கணக்கில் தலையைப் பிய்ப்பார்கள். அதைச் சரக்குக் கொட்டகையில் நின்று ஓர் அதிகாரி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தீர்க்க வேண்டியிருந்தது. 2012இல் அந்தக் காப்புரிமையே ரத்தானது. 2018இல் இந்தியா தன் சுங்க விதியிலிருந்து காப்புரிமை என்ற சங்கதியையே தூக்கிவிட்டது. ஒன்பது வருடத்தில் தவறு தெரிந்து திருத்தினார்கள். எங்களுக்கு 1869 இன்னும் புதுசு.

நானும் யோக்கியன் அல்ல. ஊரில் புதுப்படம் பார்த்த சீடிகளில் எது உரிமத்தோடு வந்தது? என் வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையில் ஒரு கார்ட்டூன் பூனை சிரிக்கிறது. அந்தப் பூனையின் சொந்தக்காரனுக்கு ஒரு சதம் போயிருக்காது. பையும் ஒரு தவணையில் கிழிந்தது. ஆனால் நான் மலிவுக்கு வாங்கவில்லை. கடையில் இருந்ததை, கேட்ட விலை கொடுத்து வாங்கினேன். போலி வாங்குவது ஏழையின் குணம் என்று கொழும்பில் கருத்தரங்கு வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெருகலில் ஒரிஜினல் தெரிவில் இல்லை, ஐயா. நாங்கள் இரண்டு தரம் காசு கொடுக்கிறோம். ஒருதரம் பட்டரிக்கு. மறுதரம் அது எரியாததற்கு.

போன மாதம் அதே கடையில் நின்றபோது அதிகாரிகள் இருவர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் கொப்பி. கடைக்காரர் முகம் வெளிறியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கடைசியில் அரசு வெருகலுக்கும் வந்துவிட்டது. அவர்கள் தலைக்கு மேலே, கயிற்றில், பட்டரிகள் வரிசையாகத் தொங்கின. ஓர் எழுத்துத் தடுக்கி விழுந்த அதே பட்டரிகள். ஓர் அதிகாரியின் தலையில் ஒரு பெட்டி இடித்தது. கையால் விலக்கிவிட்டுக் குனிந்தார். பருப்பு மூட்டையைப் பார்த்தார். பருப்புக்கு விலை எழுதிவைக்கவில்லை. எழுதினார்கள். கையொப்பம் வாங்கினார்கள். போகும்போது மற்றவர் கயிற்றிலிருந்து இரண்டு பட்டரி கழற்றினார்.

சான்றுக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன்.

காசு கொடுத்து வாங்கினார். வீட்டுக்கு, சுவர்க் கடிகாரத்துக்காம்.

சாயந்தரம் மாமாவிடம் இதைச் சொன்னேன். எழுபது தாண்டிவிட்டார். ஆற்றங்கரைப் பக்கம் கதிரையில் இருந்தார். மடியில் ரேடியோ. அதன் மூடியைக் கழற்றிப் பட்டரியை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார். காதுக்குக் கிட்டக் குலுக்கினார். ரேடியோ பேசவில்லை. செய்தி நேரம் போய்க்கொண்டிருந்தது.

"அந்தச் சாவடியில என்ர அரிசிக்குள்ள கை விட்டானே ஒரு ஆமிக்காரப் பொடியன்," என்றார். "அவன் இப்ப எங்க மனே? பென்சனில வீட்டில சும்மாதானே இருப்பான். கூப்பிட்டு அந்தக் கொழும்புத் துறைமுகத்தில விடச் சொல்லு."